உலகப் புத்தாக்கக் குறியீடு: ரேங்க்கை விடுங்கள், நாட்டுப் பக்கத்தைப் படியுங்கள்

ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு (வைப்போ) நாடுகளின் புத்தாக்கத் திறனை அளந்து ஆண்டுதோறும் வெளியிடும் உலகப் புத்தாக்கக் குறியீடு, ஆய்வாளர்கள் வாயில் ‘ஜிஐஐ’. வெளிவந்த மறுநாளே செய்தித்தாளில் அது ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடும். 2015-ல் இந்தியா 81, 2025-ல் 38; தலைப்பு தயார். நாடுகளின் தொழில்நுட்ப வளர்ச்சி பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்குகளிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. பேச வருபவரின் இரண்டாவது ஸ்லைடில் இந்த ரேங்க் இருக்கும். அதற்குப் பிறகு பேச்சு முழுவதும் அதன் தடயமே இருக்காது.

இத்தனை உழைப்பில் தயாராகும் அறிக்கையில் பயன் மிகக் குறைவான பகுதி அந்த ரேங்க்தான். பயன் மிக அதிகமுள்ளது, ஒரு நாட்டின் எல்லா அளவீடுகளையும் ஒரே இடத்தில் தரும், பெரும்பாலோர் திறந்தே பார்க்காத நாட்டுப் பக்கம். ஆய்வு மாணவர்கள், வெளிநாட்டுக் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதுபவர்கள், கொள்கை பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து, ஒரு கருவி என்ற முறையில் இதை இங்கே எடைபோடுகிறோம்.

விலை: இலவசம். முழு அறிக்கை பிடிஎஃப், நாடுவாரியான தனிச் சுருக்கங்கள், இணையதளத்தில் நாடுகளை அருகருகே வைத்து ஒப்பிடும் வசதி எல்லாம் பதிவுகூட இல்லாமல் கிடைக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டால் வரைபடங்களை எடுத்தாளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருப்பதால், ஆய்வேட்டில் சேர்க்க அனுமதிக் கடிதம் கேட்டு அலைய வேண்டாம். பணம் கட்டி வாங்கும் பல சந்தை அறிக்கைகளில்கூட இந்த அளவு திறந்த கை இல்லை.

2007-ல் பிரான்சின் இன்சியாட் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் சௌமித்ர தத்தா தொடங்கியது இது. பிறகு வைப்போவும் 2013-ல் கார்னெல் பல்கலைக்கழகமும் கூட்டு வெளியீட்டாளர்களாகச் சேர்ந்தன. 2021 முதல் போர்ட்டுலான்ஸ் நிறுவனத்தின் துணையோடு வைப்போ வெளியிடுகிறது. 2024 பதிப்பில் 133 நாடுகள், 78 அளவீடுகள். 2025-ல் 139 நாடுகள். 2011 முதல் முதலிடம் சுவிட்சர்லாந்துக்கு. 2025-ல் சீனா முதல் முறையாக முதல் பத்துக்குள் வந்தது.

கட்டமைப்பை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உள்ளீடு என்ற பாதியில் ஐந்து தூண்கள்: நிறுவனங்கள், மனித மூலதனமும் ஆய்வும், உள்கட்டமைப்பு, சந்தை முதிர்ச்சி, வணிக முதிர்ச்சி. வெளியீடு என்ற பாதியில் இரண்டே தூண்கள்: அறிவு மற்றும் தொழில்நுட்ப வெளியீடு, படைப்பு வெளியீடு. ஒவ்வொரு தூணுக்குள்ளும் மூன்று உட்தூண்கள், உட்தூணுக்குள் சில அளவீடுகள். இரண்டு பாதிகளின் எளிய சராசரிதான் மொத்த மதிப்பெண்.

இங்கேயே ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். ஐந்து தூண்கள் பாதியைப் பங்கிட்டுக்கொள்வதால் உள்ளீட்டுத் தூண் ஒவ்வொன்றுக்கும் மொத்தத்தில் 10 சதவீதம். இரண்டே தூண்கள் மறுபாதியைப் பங்கிடுவதால் வெளியீட்டுத் தூண் ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம். சில அளவீடுகளுக்கு அரை எடை தரப்படுவதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிடிபியில் ஆய்வுச் செலவின் பங்கு என்ற அளவீடு, நான்கு அளவீடுகள் கொண்ட உட்தூணில் ஒன்று: பத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதில் நாலில் ஒரு பங்கு, ஆக 0.83 சதவீதம். உள்நாட்டவர் தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பங்கள் என்ற அளவீடு ஐந்து அளவீடுகள் கொண்ட உட்தூணில் இருக்கிறது: இருபத்தைந்தில் மூன்றில் ஒரு பங்கு, அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1.67 சதவீதம். ஒரு நாடு தன் ஆய்வுச் செலவு மதிப்பெண்ணைப் பத்துப் புள்ளி உயர்த்தினால் மொத்த மதிப்பெண்ணில் கூடுவது 0.08. அதே பத்துப் புள்ளி காப்புரிமை விண்ணப்பத்தில் வந்தால் அதைவிட இரண்டு மடங்கு கூடும். பட்டியலின் நடுப்பகுதியில் அடுத்தடுத்த நாடுகளுக்கிடையே இருப்பதும் பின்னப் புள்ளிகள்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இந்தியாவின் கதையை இந்தக் கண்ணாடி போட்டுப் படித்தால் வேறு மாதிரித் தெரியும். அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறைப் புள்ளிவிவரப்படி 2020-21-ல் நாட்டின் மொத்த ஆய்வுச் செலவு சுமார் 1.27 லட்சம் கோடி ரூபாய். பத்தாண்டுக்கு முன் சுமார் 60,000 கோடி. இரட்டிப்புக்கும் மேல். ஆனாலும் ஜிடிபியில் அதன் பங்கு 0.64 சதவீதம்தான். தென்கொரியாவில் அது 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஆய்வுச் செலவில் இவ்வளவு பின்தங்கிய நாடு ரேங்க்கில் எப்படி ஏறுகிறது என்று வெளிநாட்டுப் பேராசிரியர்கள் கேட்கும்போது பதில் மேலே போட்ட கணக்கில் இருக்கிறது. எடை அதிகமுள்ள வெளியீட்டுப் பக்கத்தில் இந்தியா வலுவாக இருக்கிறது: மொத்த வர்த்தகத்தில் தகவல் தொழில்நுட்பச் சேவை ஏற்றுமதியின் பங்கில் பல பதிப்புகளாக முதல் வரிசை. அதிலும் வகுக்கும் எண்ணைக் கவனிக்க வேண்டும். கீழே இருப்பது மொத்த வர்த்தகம். பொருள் ஏற்றுமதி பெரிதாக வளராத நாட்டில் இந்த விகிதம் தானாகவே அழகாகத் தெரியும்.

காப்புரிமையிலும் இதே எச்சரிக்கை தேவை. எண்ணப்படுவது விண்ணப்பம், கிடைத்த காப்புரிமை இல்லை. 2021-ல் விதிகளைத் திருத்திக் கல்வி நிறுவனங்களுக்கும் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை கொடுத்த பிறகு, கல்லூரிகளிலிருந்து விண்ணப்பங்கள் குவிகின்றன. 2023-ல் இந்தியாவில் தாக்கலான 64,480 விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் உள்நாட்டவருடையவை. கல்லூரித் தரவரிசைக்கும் அங்கீகாரத்துக்கும் புள்ளி சேர்க்கத் தாக்கல் செய்துவிட்டு, பரிசோதனைக் கட்டணம் கட்டாமல் விட்டுவிடும் விண்ணப்பங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு என்பது பொறியியல் கல்லூரி வட்டாரத்தில் யாருக்கும் ரகசியமில்லை. குறியீட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இனி விடுபட்ட தரவு. இந்தக் கருவியின் பெரிய பலவீனம் இதுதான், அறிக்கையே ஒளிக்காமல் சொல்லும் பலவீனமும் இதுதான். ஓர் அளவீட்டுக்கு நாட்டின் தரவு இல்லையென்றால் ‘கிடைக்கவில்லை’ என்று குறித்துவிட்டு, மற்றவற்றின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். ஊகித்து நிரப்புவதில்லை. கேட்க நேர்மையாக இருக்கிறது. விளைவு என்னவென்றால், விடுபட்ட அளவீட்டுக்கு அந்த உட்தூணின் சராசரியையே கொடுத்ததற்குச் சமம். மோசமான எண் வரும் என்று தெரிந்தால் தராமல் இருப்பதே லாபம்.

கைக்கெட்டும் உதாரணம் பீசா தேர்வு. பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறனை, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி நடத்தும் இந்தத் தேர்வு அளக்கிறது. ஜிஐஐ அதை ஓர் அளவீடாக எடுத்துக்கொள்கிறது. 2009 சுற்றில் இந்தியா சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் பங்கேற்று, பட்டியலின் அடிமட்டத்தில் வந்தன. அதன் பிறகு இந்தியா அந்தத் தேர்வை எழுதவில்லை. ஆகவே நாட்டுப் பக்கத்தில் அந்த வரிசை காலி. தேர்வு எழுதிக் குறைந்த மதிப்பெண் வாங்கிய நாடு இழப்பதை, எழுதாத நாடு இழப்பதில்லை. பயன்பாட்டு மாதிரி என்ற சிறுவகைக் காப்புரிமைக்கும் இதே கதை. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்றே கிடையாது, அதனால் அந்த இடமும் காலி. ஐந்து அளவீடுகள் இருந்த உட்தூண் நான்காகிவிடுவதால், முன்பு 1.67 சதவீதம் என்று போட்ட காப்புரிமை விண்ணப்பத்தின் எடை இந்தியாவுக்கு 2.08 ஆகிறது. ஒரே அளவீடு, நாட்டுக்கு நாடு வேறு எடை.

இதைத் தட்டிக்கேட்கும் ஏற்பாடும் உள்ளேயே இருப்பது பாராட்டத்தக்கது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் ஆண்டுதோறும் புள்ளியியல் தணிக்கை செய்து, எடைகளை மாற்றி மாற்றிக் கணினியில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு நாட்டின் ரேங்க்கும் எந்த எல்லைக்குள் அசையும் என்று 90 சதவீத நம்பக இடைவெளி தருகிறது. விடுபட்ட தரவு தரும் அந்தத் தவறான ஊக்கத்தைப் பற்றியும் அந்தத் தணிக்கையிலேயே எச்சரித்திருக்கிறார்கள். கட்டுரையில் ரேங்க் போட்டே ஆக வேண்டுமானால் இந்த இடைவெளியையும் சேர்த்துப் போடுங்கள். மதிப்பாய்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொன்னதாக இருக்கும்.

கல்விப் பரிமாற்றத்தை இது எப்படி அளக்கிறது? மேலோட்டமாக என்றுதான் சொல்ல வேண்டும். உயர்கல்வி மாணவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் சதவீதம் என்று ஓர் அளவீடு உண்டு. இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் மொத்த மாணவர்கள் சுமார் 4.33 கோடி, வெளிநாட்டவர் 46,878. வகுத்தால் 0.1 சதவீதம்தான். அந்த எண் உண்மைதான், இந்தியாவின் நிஜமான பலவீனமும்தான். வந்தவர்களிலும் கால்பங்குக்கு மேல் நேபாளத்தவர். ஆனால் பரிமாற்றம் என்பது ஒருவழிப் பாதை இல்லையே. வெளிநாட்டில் படிக்கும் இந்திய மாணவர்கள் 2024-ல் 13 லட்சத்துக்கு மேல். அவர்களில் திரும்பி வருபவர்களால் ஆய்வகங்களுக்குக் கிடைக்கும் தொடர்புகள் எங்கும் பதிவாவதில்லை. வருகைப் பேராசிரியர்கள், இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தரும் முனைவர் பட்டம், வெளிநாட்டாருடன் இணைந்து எழுதிய கட்டுரைகள் எதற்கும் இங்கே இடமில்லை. ஐரோப்பியப் புத்தாக்க மதிப்பட்டியல் இந்த விஷயத்தில் ஒரு படி மேல்: பன்னாட்டுக் கூட்டுக் கட்டுரைகளுக்கும், முனைவர் பட்ட மாணவர்களில் வெளிநாட்டவரின் பங்குக்கும் தனி அளவீடுகள் வைத்திருக்கிறது. என்ன செய்வது, அதில் இந்தியா வெளியுலகப் போட்டியாளர்களில் ஒன்றாக, குறைந்த அளவீடுகளோடு ஓரமாகத்தான் வரும்.

பல்கலைக்கழகத் தரம் என்ற அளவீடு இன்னும் விநோதம். க்யூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் ஒரு நாட்டின் முதல் மூன்று நிறுவனங்களின் சராசரி மதிப்பெண், அவ்வளவுதான். அதே 2021-22 கணக்கெடுப்பில் இந்தியாவில் 1,168 பல்கலைக்கழகங்கள். முதல் மூன்றைத் தவிர மீதி அத்தனையும் நாளை மேம்பட்டாலும் சரி, கெட்டாலும் சரி, இந்த எண் அசையாது. தனியார் ஆய்வுச் செலவுக்கும் அப்படியே: உலக அளவில் அதிகம் செலவிடும் நிறுவனங்களில் அந்த நாட்டின் முதல் மூன்று.

படைப்பு வெளியீட்டில் ஒரு வேடிக்கை. 2024 பதிப்பில் திரைப்பட எண்ணிக்கையை 15 முதல் 69 வயது மக்கள் தொகையால் வகுக்கிறார்கள். கோடம்பாக்கமும் ஐதராபாத்தும் மும்பையும் சேர்ந்து எத்தனை படம் எடுத்தாலும் கீழே இருக்கும் மக்கள் தொகை அதை விழுங்கிவிடும். மாறாக, கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எச்-குறியீட்டை மக்கள் தொகையாலும் ஜிடிபியாலும் வகுப்பதில்லை. அங்கே பெரிய நாடுகளுக்கு அளவே பலம். எந்த அளவீடு எதனால் வகுக்கப்படுகிறது என்று பின்னிணைப்பைப் பார்க்காமல் ‘பலம்’, ‘பலவீனம்’ என்று எழுதுவது ஆபத்து.

நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டிய, வாங்கும் திறன் அடிப்படையிலான ஜிடிபி பல அளவீடுகளில் வகுக்கும் எண்ணாக இருக்கிறது. 2024 மே மாதம் உலக வங்கி புதிய விலை ஒப்பீட்டுக் கணக்கை வெளியிட்டது போன்ற நேரங்களில், ஒரு காப்புரிமைகூடக் கூடாமல் குறையாமல் விகிதம் மாறிவிடும்.

நாட்டுப் பக்கத்தைப் படிக்கும் முறைக்கு வருவோம். எடுத்ததும் வலது ஓரத்துக் குறிகளைப் பாருங்கள். கரும்புள்ளி பலம், வெற்று வட்டம் பலவீனம். டைமண்ட் குறிகள் அதே வருமானப் பிரிவு நாடுகளோடு ஒப்பிட்டவை. பலம் என்பது அந்த நாட்டின் மற்ற அளவீடுகளோடு ஒப்பிட்டுக் குறிக்கப்படுவது என்பதால் பட்டியலின் கடைசி நாட்டுக்கும் பத்துப் பலம் இருக்கும். ‘பத்துத் துறைகளில் நம் நாடு வலுவானது’ என்று எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம். அடுத்து கடிகாரக் குறி: தரவு பழையது என்று பொருள். இந்தியாவின் ஆய்வுச் செலவு எண் இதில் அடிக்கடி சிக்கும். உட்தூண் மதிப்பெண் சதுர அடைப்புக்குள் இருந்தால் அதற்கான குறைந்தபட்சத் தரவே இல்லை. அந்த எண்ணை எடுத்தாளவே கூடாது.

பிறகு மூல மதிப்பு. பக்கத்தில் தூண்களுக்கும் உட்தூண்களுக்கும் 0–100 மதிப்பெண், பெரும்பாலான அளவீடுகளுக்கு மூல மதிப்பு (சதவீதம், எண்ணிக்கை போன்ற அசல் எண்) இரண்டும் ஒரே பத்தியில் இருக்கும்; ரேங்க் இன்னொரு பத்தி. மதிப்பெண் என்பது அந்தப் பதிப்பில் உள்ள மிகச் சிறந்த நாட்டுக்கும் மிக மோசமான நாட்டுக்கும் இடையில் நீட்டிப் போட்டது. மேலே இருக்கும் நாடு ஏறினால், நீங்கள் அசையாமலே இறங்குவீர்கள். விநியோகம் மிகவும் கோணலாக இருந்தால் ஓரத்து மதிப்புகளை வெட்டியோ, மடக்கை எடுத்தோ சரிக்கட்டுகிறார்கள். ஆகவே மதிப்பெண்களின் விகிதத்துக்குப் பொருளே இல்லை. 60 வாங்கிய நாடு 30 வாங்கிய நாட்டைவிட இரண்டு மடங்கு சிறந்தது என்று எழுத முடியாது. கட்டுரைக்கு மூல மதிப்பை எடுங்கள். காலத்தொடர் வேண்டுமானால் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம், ஓஇசிடி, வைப்போவின் காப்புரிமைத் தரவு என்று ஊற்றுக்கே போங்கள். எந்த அளவீடு எங்கிருந்து வந்தது என்ற பின்னிணைப்பு அதற்கு வழிகாட்டி. அந்தப் பின்னிணைப்புக்காகவே இந்த அறிக்கையை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பத்தாண்டு ரேங்க் கோடு வரையாதீர்கள். நாடுகள் சேர்கின்றன, விலகுகின்றன, அளவீடுகள் மாறுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு ரேங்க் நேரடியாக ஒப்பிடத்தக்கதல்ல என்று அறிக்கையே எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஆய்வும் கண்டுபிடிப்பும் அடர்ந்த நகரங்களை வரிசைப்படுத்தும் நகரத் தொகுதிகள் பகுதியில் இது கண்கூடு. உலகின் முதல் 100 அறிவியல் தொழில்நுட்பத் தொகுதிகளில் 2024-ல் பெங்களூர் 56, சென்னை 82. 2025-ல் பெங்களூர் 21, சென்னை 84. ஓராண்டில் பெங்களூரில் 35 இடம் பாயும்படி எதுவும் நடக்கவில்லை. அதுவரை பன்னாட்டுக் காப்புரிமையில் உள்ள கண்டுபிடிப்பாளர் முகவரியையும் கட்டுரை ஆசிரியர் முகவரியையும் வரைபடத்தில் போட்டு அடர்த்தி பார்த்தவர்கள், 2025-ல் துணிகர முதலீட்டு (புது நிறுவனங்களில் போடும் முதலீடு) ஒப்பந்தங்களையும் சேர்த்தார்கள். பணம் பெங்களூரில் குவிகிறது. சென்னையின் பலம் ஆய்வகத்திலும் தொழிற்சாலையிலும் இருக்கிறது. சென்னைக்காரர்கள் வருத்தப்படவோ பெங்களூர்க்காரர்கள் துள்ளவோ காரணமில்லை.

இதை உருப்படியாகப் பயன்படுத்திய நாடு வியட்நாம். 2017-ல் அரசுத் தீர்மானம் போட்டு, எந்த அளவீட்டுக்கு எந்த அமைச்சகம் பொறுப்பு என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். தரவு பழையதாக இருந்தால் அதைப் புதுப்பித்து அனுப்புவதும் அந்தப் பொறுப்பில் அடக்கம். கடிகாரக் குறியைக் குறைப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. பிறகு அதே முறையில் மாகாணங்களுக்குத் தனிக் குறியீடும் உருவாக்கினார்கள். இந்தியாவில் நிதி ஆயோக் 2019 முதல் மூன்று பதிப்புகள் மாநிலப் புத்தாக்கக் குறியீடு வெளியிட்டது. மூன்றிலும் பெரிய மாநிலங்களில் கர்நாடகம் முதலிடம். மாநில அளவில் வேலை செய்பவர்களுக்கு ஜிஐஐ எதுவும் தராது, அங்கே போக வேண்டியதுதான்.

வாங்கலாமா என்றால், இலவசம் என்பதால் கேள்வியே இல்லை. இரண்டு நாடுகளை ஒப்பிட்டு முதல் வரைவு எழுத, கேள்விகளைக் கண்டுபிடிக்க, தரவு ஊற்றுகளைத் தேடிப் பிடிக்க இதற்கு இணை கிடையாது. ஒரு கொள்கை பலித்ததா இல்லையா என்று நிறுவ இதை நம்பினால் கவிழ்த்துவிடும்.

மேற்கோள் காட்டும்போது பதிப்பு ஆண்டையும் தரவு ஆண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ‘ஜிஐஐ 2025’ என்று மட்டும் போட்டால், அதிலுள்ள 2020-21 ஆய்வுச் செலவை 2025-ன் எண்ணாகவே வாசிப்பார்கள். அண்மைப் பதிப்புகள் செப்டம்பரில் வருவதால், ஜூன் ஜூலையில் கட்டுரை அனுப்புபவர்கள் முந்தைய பதிப்பைத்தான் பயன்படுத்த முடியும். டிசம்பரில் மேடையேறிப் பேசும்போது அரங்கில் இருப்பவர் கையில் புதிய எண் இருக்கும். அதனால் ஸ்லைடில் பதிப்பு ஆண்டைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுவது நல்லது.